தீட்டு, கற்பு, கன்னிமை: தள்ளுபடி நூல்களில் மரியாளும் தெக்லாவும்

கேள்வி இதுதான்: ஆதிக் கிறிஸ்தவர்கள் எழுதி, பைபிளுக்குள் சேராமல் போன நூல்களில் பெண்ணின் தூய்மையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? அது பெண்களுக்கு விடுதலை கொடுத்ததா, இல்லை இன்னொரு கட்டுப் போட்டதா?

இதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு கதையிலும் அந்தத் தூய்மையை யார் முடிவு செய்கிறார், அதற்கான விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். பல வருடங்களாக இந்த நூல்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான். தள்ளுபடி ஆகமம் என்று தோபித்து, யூதித்து போன்ற பழைய ஏற்பாட்டு நூல்களையும் சொல்வார்கள். நான் பேசப்போவது அவற்றை அல்ல. கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் யாக்கோபு, பவுல், தோமா, அந்திரேயா, பேதுரு என்று அப்போஸ்தலர் காலத்துப் பெயர்களோடு உருவான கதை நூல்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதைப் பேச தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து தருகிறது. தீட்டு வேறு, கற்பு வேறு, கன்னிமை வேறு என்று கேட்டவுடனே நமக்குத் தெரியும். தீட்டு என்பது வந்து போகிற நிலை, அது பாவம் இல்லை. மாதவிலக்கு, பிரசவம், சாவு வீடு என்று வாழ்க்கையோடு வரும், குளித்தால், நாள் கழிந்தால் போய்விடும். மோசேயின் சட்டமும் அப்படித்தான் நடத்துகிறது. லேவியராகமம் 12-ஆம் அதிகாரத்தில் ஆண் குழந்தை பெற்றவளுக்கு மொத்தம் 40 நாள், பெண் குழந்தை பெற்றவளுக்கு 80 நாள், அப்புறம் ஒரு பலி, அதோடு முடிந்தது. கற்பு என்பது இவள் யாருக்கு உரியவள் என்ற கேள்வியோடு ஒட்டியது. கன்னிமை என்பது ஆண் தொடர்பே இல்லாத நிலை, அதையே ஒரு விரதமாக எடுத்தால் துறவு. இந்தக் கதைகளைப் படிக்கும்போது மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். குழப்பம் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் யாக்கோபின் பெயரில் வந்த முதல் நற்செய்தி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ஏரோது இறந்த சமயத்தில் யாக்கோபே எழுதியதாக நூல் சொல்லிக்கொள்கிறது, ஆனால் இயேசுவின் சகோதரர் எனப்படும் யாக்கோபு கி.பி. 62-லேயே இறந்துவிட்டார், நூல் அதற்கு வெகு காலம் பிந்தையது. மரியாளின் பெற்றோர் யோவாக்கீம், அன்னா என்று நமக்குத் தெரிவதே இந்த நூலால்தான். பைபிளில் அந்தப் பெயர்கள் கிடையாது.

கதையில் அன்னா பிள்ளையில்லாதவள். பிறக்கப்போகும் குழந்தையைக் கடவுளுக்கே கொடுத்துவிடுவேன் என்று நேர்ந்துகொள்கிறாள். மரியாள் 6 மாதக் குழந்தையாக 7 அடி நடந்தவுடன் தாய் அவளைத் தூக்கிக்கொள்கிறாள், இனி ஆலயத்துக்குப் போகும்வரை உன் கால் தரையில் படாது என்கிறாள். படுக்கையறையே ஒரு சிறு கோயிலாகிறது, தீட்டானது எதுவும் உள்ளே வரக் கூடாது, விளையாட்டுக் காட்டக்கூட மாசற்ற எபிரெயப் பெண்பிள்ளைகளைத்தான் அழைக்கிறார்கள். 3 வயதில் எருசலேம் ஆலயத்தில் விடுகிறார்கள். குருவானவர் அவளைப் பலிபீடத்தின் மூன்றாம் படியில் உட்கார வைக்கிறார், அவள் கால்கள் அங்கே நடனமாடுகின்றன, பிறகு வருடக்கணக்கில் ஒரு தேவதூதன் கையால் உணவு வாங்கிச் சாப்பிட்டு வளர்கிறாள். வரலாற்றில் இப்படி நடந்திருக்க முடியாது. எருசலேம் ஆலயத்தில் பெண்களுக்கென்று ஒரு முற்றம் இருந்தது, அதைத் தாண்டிப் பலிபீடத்தின் படியில் ஒரு பெண்குழந்தை உட்காருவது நினைத்தே பார்க்க முடியாத காரியம். எழுதியவருக்கு ஆலய நடைமுறை சரியாகத் தெரியவில்லை, அல்லது அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

அப்புறம் 8-ஆம் அதிகாரம். எனக்கு இந்த நூலிலேயே மிகவும் கனமான இடம் இதுதான். மரியாளுக்கு 12 வயதாகிறது. உடனே குருக்கள் கூடிப் பேசுகிறார்கள்: இவள் ஆண்டவரின் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திவிடாதபடி என்ன செய்யலாம்? மாதவிலக்கு என்ற சொல்லே வரவில்லை, ஆனால் வயதைச் சொன்னவுடன் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இத்தனை வருடம் தேவதூதன் ஊட்டி வளர்த்த பிள்ளை, தரையில் கால் படாமல் காத்த பிள்ளை, அவளைக்கூட அந்த ஒரு காரணத்துக்காக வெளியே அனுப்பத்தான் வேண்டும் என்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்த ஆண்களைக் கோலோடு வரவழைக்கிறார்கள், யோசேப்பின் கோலிலிருந்து ஒரு புறா கிளம்பி அவர் தலையில் உட்காருகிறது. எனக்கு மகன்கள் இருக்கிறார்கள், நான் கிழவன், அவளோ சிறு பெண், ஊரார் சிரிப்பார்கள் என்று அவர் தயங்குகிறார். அதட்டி அனுப்புகிறார்கள்.

கர்ப்பம் தெரியவரும்போது மரியாளுக்குப் பெரும்பாலான கையெழுத்துப் படிகளின்படி வயது 16. வேலைக்காக வெளியூர் போயிருந்த யோசேப்பு திரும்பி வந்தபோது ஆறாம் மாதம். ஆதாம் இல்லாத நேரம் பாம்பு வந்து ஏவாளை ஏமாற்றிய கதை எனக்கும் நடந்துவிட்டதே என்று அழுகிறார். மரியாளும் அழுகிறாள், நான் தூய்மையானவள், ஆணை அறியேன் என்கிறாள், ஆனால் இது எங்கிருந்து வந்தது என்று அவளால் விளக்க முடியவில்லை. தேவதூதன் காபிரியேல் சொன்ன இரகசியங்களை அவள் மறந்துவிட்டாள் என்று நூலே சொல்கிறது. பிறகு ஆலயத்தில் விசாரணை. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் கணவன் சந்தேகப்பட்ட மனைவிக்குக் கசப்பான தண்ணீர் கொடுக்கும் சோதனை இருக்கிறது, அதைச் செய்கிறார்கள். ஆனால் மோசேயின் சட்டத்தில் குடிக்க வேண்டியவள் பெண் மட்டும். இந்தக் கதையில் முதலில் யோசேப்புக்குக் கொடுத்து மலைநாட்டுக்கு அனுப்புகிறார்கள், அவர் நலமாகத் திரும்பிய பிறகுதான் மரியாளுக்கு. ஆணின் ஒழுக்கத்தையும் அதே தண்ணீரில் சோதித்தார் இதை எழுதியவர். பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிற விஷயம் இது, அதற்காக அவருக்கு நான் மதிப்பு கொடுக்கிறேன்.

அதற்குப் பிறகு குகையில் பிரசவம். மருத்துவச்சி வெளியே வந்து சலோமே என்ற பெண்ணிடம் ஒரு கன்னி பிள்ளை பெற்றாள் என்கிறாள். என் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறாள் சலோமே. யோவான் நற்செய்தியில் தோமா சொன்ன வார்த்தையின் சாயல் அப்படியே இருக்கிறது, ஆனால் தோமா தொட விரும்பியது உயிர்த்தவரின் காயத்தை, இங்கே சோதிக்கப்படுவது அப்போதுதான் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் உடல். சலோமே சோதிக்கிறாள், கை தீப்பிடித்ததுபோல எரிந்து விழுகிற நிலைக்கு வருகிறது. உம் பெயரால்தானே நான் மருத்துவம் செய்தேன், ஏழைகளிடம் என்னைத் திருப்பிக் கொடும் என்று மன்றாடுகிறாள், குழந்தையைத் தூக்கியதும் குணமாகிறாள். சந்தேகப்பட்டவள் தண்டிக்கப்பட்டாள் என்று நிறைவோடு படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இந்த இடத்தில் மரியாள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் உறுத்துகிறது. தாய், குருக்கள், யோசேப்பு, கர்ப்பத்தைக் குருக்களிடம் போய்ச் சொன்ன எழுத்தன் அன்னாஸ், கடைசியில் சலோமே என்று ஒருவர் மாற்றி ஒருவர் அவளைக் காவல் காக்கிறார்கள் அல்லது சோதிக்கிறார்கள்.

ஏன் இப்படி எழுதினார்? அந்தக் காலத்தில் மரியாளின் மேல் சேறு வீசப்பட்டுக்கொண்டிருந்தது. கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் கி.பி. 178 வாக்கில் எழுதிய நூலில், மரியாள் நூல் நூற்றுப் பிழைத்த ஏழை, பந்தேரா என்ற படைவீரனோடு தவறியதால் தச்சனான கணவன் விரட்டிவிட்டான் என்று ஒரு யூதர் சொல்வதாக எழுதினார். ஒரிஜென் என்ற கிறிஸ்தவ அறிஞர் பிற்பாடு அதை மறுத்து எழுதியதால்தான் நமக்கே அது தெரியவருகிறது. இந்த வசையைப் பக்கத்தில் வைத்து யாக்கோபு நூலைப் படித்தால் வரிக்கு வரி பதில் தெரியும். ஏழையா? அப்பா பெரும் பணக்காரர். கூலிக்கு நூற்றாளா? இல்லை, ஆலயத் திரைக்கு ஊதா நூலும் சிவப்பு நூலும் நூற்றாள். ஓடிப்போனவளா? அவளைப் பார்க்காத கண் இல்லை. அன்போடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற அவரிடம் இருந்த ஒரே கருவி, அவள் உடலைச் சுற்றி இன்னும் உயரமாகச் சுவர் எழுப்புவது. தீட்டு என்ற வந்து போகிற விஷயம் இந்த நூலில் மெல்ல மெல்ல கன்னிமையோடு ஒட்டிக்கொண்டு, ஒருபோதும் தீட்டே படாத ஒரு பெண் என்ற படிமமாகிவிடுகிறது. இதே நூலில் அன்னா பிரசவத்துக்குப் பிறகு நாள் கணக்குப்படி சுத்திகரித்துக்கொண்டுதான் மரியாளுக்குப் பால் கொடுக்கிறாள். மரியாளோ இயேசுவைப் பெற்றவுடனே பால் கொடுக்கிறாள், நாள் கணக்கே இல்லை.

இந்த நூல் பைபிள் நூல்களின் அதிகாரப் பட்டியலில் சேரவில்லை. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த எரோனிமுஸ் கி.பி. 383-ல் கடுமையாக எதிர்த்தார், ஆனால் அவர் கோபம் வேறு காரணத்துக்கு: யோசேப்புக்கு முதல் தாரத்துப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை, யோசேப்பும் கன்னியாகவே இருந்தார் என்பது அவர் கட்சி. தள்ளிவைத்தாலும் கதை தங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கிரேக்கப் படிகள் இன்றும் இருக்கின்றன. நவம்பர் 21-ல் மரியாள் ஆலயத்தில் காணிக்கையாக ஒப்படைக்கப்பட்ட திருநாள், ஜூலை 26-ல் யோவாக்கீம் (சுவக்கின்), அன்னா திருநாள், செப்டம்பர் 8-ல் மரியாளின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள கதை இதுதான். வேளாங்கண்ணியில் கொடியேறி முடிகிற அந்த 8-ஆம் தேதி கொண்டாடப்படும் பிறப்பின் கதையை முதலில் சொன்ன நூல், திருச்சபை ஏற்காத ஒரு நூல். குர்ஆனிலும் மூன்றாம் அத்தியாயத்தில் மர்யம் வழிபாட்டறையில் இருக்க, அவரிடம் உணவு எங்கிருந்தோ வந்துகொண்டிருப்பதும், அவரை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல்களை எறிந்து பார்ப்பதும் வருகின்றன.

சரி, இதற்கு நேர் எதிரே தெக்லாவை வையுங்கள். பவுலும் தெக்லாவும் என்ற கதை கி.பி. 200-க்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. இக்கோனியா பட்டணத்தில், இன்றைய துருக்கியின் கோன்யாவில், நிச்சயிக்கப்பட்ட பெண் தெக்லா. பக்கத்து வீட்டில் பவுல் பேசுகிறார்: சரீரத்தைத் தூய்மையாகக் காத்தவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் கடவுளின் ஆலயமாவார்கள். அவள் ஜன்னலோரத்தில் மூன்று நாள் சாப்பிடாமல் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு விஷயம் கவனியுங்கள். மரியாளை ஆலயத்திலிருந்து வெளியே அனுப்புகிறார்கள், தெக்லாவிடமோ நீயே ஆலயம் என்கிறார்கள்.

பவுல் சிறையில் இருக்கும்போது கைவளையலைக் கழற்றி வாசற்காவலனுக்கும், வெள்ளிக் கண்ணாடியைச் சிறைக்காவலனுக்கும் கொடுத்துவிட்டு இரவில் போய் அவர் காலடியில் உட்காருகிறாள். அலங்கரித்துக்கொள்ள இருந்தவற்றைக் கொடுத்துத்தான் அந்த வாசல் திறக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்றதும் அவளை எரிக்கச் சொல்லிக் கத்துவது வேறு யாரும் இல்லை, பெற்ற தாய் தெயோக்லியா. மணப்பெண்ணாகாத இவளை எரியுங்கள், மற்ற பெண்களுக்குப் பயம் வரட்டும் என்கிறாள். மழையும் கல்மழையும் வந்து தீயை அணைக்கின்றன. பிறகு அந்தியோகியாவில் அலெக்சாண்டர் என்ற பெரிய மனிதன் தெருவில் அவளைக் கட்டிப்பிடிக்கிறான். பவுலோ, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்று விலகிவிடுகிறார். அவளே அவன் மேலங்கியைக் கிழித்து, தலைக்கிரீடத்தைத் தட்டிவிடுகிறாள். அதற்கு மிருகங்களிடம் போடும் தண்டனை. ஒரு பெண்சிங்கம் அவளுக்காகச் சண்டையிட்டுச் சாகிறது, கூட்டத்துப் பெண்கள் நியாயம் கேட்டுக் கத்துகிறார்கள், வாசனைப் பொருள்களை எறிந்து மிருகங்களை மயக்குகிறார்கள், மகளை இழந்த திரிபேனா அரசி அவளை மகளாகவே ஏற்கிறாள். பவுல் ஞானஸ்நானம் தரத் தயங்கியிருந்தார், இவளோ அரங்கத்துத் தண்ணீர்க் குழியில் குதித்துத் தனக்குத் தானே ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறாள்.

கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனுக்கு இதுதான் பிரச்சினை. பெண்கள் போதிக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதற்குச் சிலர் தெக்லாவைச் சாட்சி காட்டினார்கள். ஆசியா என்ற ரோம மாகாணத்தில் ஒரு மூப்பர் பவுல்மேல் உள்ள பிரியத்தால் இட்டுக்கட்டிய கதை அது, அந்த மூப்பரின் பதவியும் போய்விட்டது என்று தெர்த்துல்லியன் எழுதிவைத்திருக்கிறார். அதிகாரபூர்வப் பக்கத்தில் 1 தீமோத்தேயு 2:15 பெண் ‘பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள்’ என்கிறது. ரோமச் சட்டமும் அதே திசைதான். அகஸ்டஸ் காலத்திலிருந்து திருமணமாகாதவர்களுக்குச் சொத்துவாரிசு விஷயத்தில் தண்டனை, மூன்று பிள்ளை பெற்ற பெண்ணுக்குத்தான் பாதுகாவலனிடமிருந்து விடுதலை, பெண்ணுக்கு மணவயது 12. அந்த உலகத்தில் கன்னியாகவே இருக்கிறேன் என்று ஒரு பெண் சொல்வது தன் உடல் யாருக்கும் ஒப்பந்தமாகாது என்று சொல்வது. நாம் இன்று அதை ஒடுக்குமுறையாகப் பார்க்கிறோம், அவளுக்கு அது கதவாக இருந்தது. ஆனாலும் அந்தக் கதவு ஒரு நிபந்தனையோடுதான் திறந்தது. சில படிகளில் உள்ள பிற்சேர்க்கையில், 90 வயதான தெக்லாவின் குணமாக்கும் சக்தி அவள் கன்னிமையில்தான் இருக்கிறது என்று நினைத்த செலூக்கியா மருத்துவர்கள் அவளைக் கெடுக்க ஆள் அனுப்புகிறார்கள், பாறை பிளந்து அவளை உள்ளே வாங்கிக்கொள்கிறது. 90 வயதிலும் பேச்சு அதைச் சுற்றித்தான்.

தோமாவின் நடபடிகள் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. சிரிய மொழி பேசிய பகுதியில், பெரும்பாலும் இன்றைய துருக்கியில் உள்ள எதேசாவில், 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, ஆனால் கதை நடப்பது இந்தியாவில். மயிலாப்பூர் என்ற பெயர் அதில் இல்லை, கொண்டபோரஸ் என்ற அரசன் வருகிறான், அவன் வடமேற்கில் ஆண்ட உண்மையான அரசன் என்பது நாணயங்களால் தெரியும். பயணத்தின் முதல் ஊரிலேயே ஒரு கல்யாணம். முதலிரவு அறையில் இயேசு தோமாவின் உருவத்தில் உட்கார்ந்து, உடலுறவு அழுக்கு, பிள்ளைகள் கவலை, இதை விடுங்கள் என்கிறார், இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். காலையில் மணப்பெண் முக்காடு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், எனக்கு இனி வெட்கமில்லை என்கிறாள். முகம் திறந்த அந்தப் பெண்ணை நான் ரசிக்கிறேன், ஆனால் பிள்ளைகளைப் பற்றி அங்கே சொல்லப்படுவது எனக்கு ஏற்புடையதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். பிற்பகுதியில் மிக்தோனியா என்ற பெருங்குடிப் பெண் கணவன் கரீசியைவிட்டு விலகுகிறாள். நாம் முதலில் சந்தித்த நாளை நினைத்துப் பார் என்று அவன் கெஞ்சுகிறான். அது அந்தக் காலம், இது இந்தக் காலம் என்று தொடங்கி அவள் கொடுக்கிற பதில் இந்த நூலின் மிக அழகான பகுதிகளில் ஒன்று.

ஆனால் விலை கொடுத்தவர்கள் யார் என்று கேட்டேனே, அதற்கு அந்திரேயாவின் நடபடிகளைப் படிக்க வேண்டும். கிரேக்க நாட்டுப் பத்ராஸ் நகரின் ஆளுநர் ஏகேயாத்தஸின் மனைவி மாக்சிமில்லா தூய்மையாக வாழ முடிவு செய்கிறாள். அதற்காகத் தன் அடிமைப்பெண் யூக்லியாவை அலங்கரித்து, தன் இடத்தில் கணவனின் படுக்கைக்கு அனுப்புகிறாள். எட்டு மாதம் இது நடக்கிறது. யூக்லியா விடுதலை கேட்கிறாள், நகை கேட்கிறாள், மற்ற வேலைக்காரர்களிடம் பெருமை பேசுகிறாள். விஷயம் வெளியே வந்ததும் ஏகேயாத்தஸ் அவள் நாக்கை அறுத்து, கைகால்களைச் சிதைத்துத் தெருவில் எறிகிறான், நாய்கள் தின்கின்றன. நூல் அவளைப் பேராசைக்காரியாகக் காட்டிவிட்டு மேலே போகிறது. எஜமானியின் தூய்மைக்காக இன்னொரு பெண்ணின் உடல் எட்டு மாதம் பயன்பட்டது, அவளுக்குக் கற்பு, கன்னிமை என்று எதுவும் இருக்கக்கூடும் என்றே எழுதியவருக்குத் தோன்றவில்லை. யூக்லியாவைத் தாண்டிப் போகிற எந்த விளக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பேதுருவின் மகள் கதையும் இதே வலிதான். கெய்ரோவில் 1896-ல் வாங்கப்பட்ட, இப்போது பெர்லின் பெயரால் அறியப்படும், எகிப்தின் பழைய மொழியான காப்டிக்கில் உள்ள சுவடியில் இருக்கிறது. எல்லோரையும் குணமாக்குகிறீரே, உம் சொந்த மகள் ஏன் ஒரு பக்கம் முடங்கிக் கிடக்கிறாள் என்று கூட்டம் கேட்கிறது. பேதுரு அவளை எழுந்து நடக்க வைக்கிறார், எல்லோரும் மகிழ்கிறார்கள், பிறகு மறுபடியும் முடங்கிப் போ என்று அனுப்பிவிடுகிறார். 10 வயதில் தொலெமேயு என்ற பணக்காரன் அவள் குளிப்பதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டான், தூக்கிக்கொண்டும் போனான், இந்த முடக்கம்தான் அவளைக் காப்பாற்றியது என்று விளக்கம். தொலெமேயு மனம் திரும்பிக் காட்சி காண்கிறான், அவனுக்குப் பெயர் இருக்கிறது. அவளுக்கு அந்த ஏட்டில் பெயர்கூட இல்லை.

இந்த நூல்களைப் பெண்கள் எழுதியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள், உறுதியான சான்று கிடையாது. ஆனால் பெண்கள் படித்தார்கள், கேட்டார்கள், அதை வைத்து வாழ்ந்தார்கள், அதற்குச் சான்று இருக்கிறது. எகேரியா என்ற பெண் யாத்திரிகர் கி.பி. 384-ல் எருசலேமிலிருந்து திரும்புகிற வழியில், செலூக்கியாவில், இன்றைய துருக்கியின் சிலிஃப்கேக்கு அருகே உள்ள தெக்லாவின் கோயிலுக்குப் போகிறார். கொள்ளையருக்குப் பயந்து சுற்றிலும் மதில் எழுப்பிய இடம். அங்கே ஜெபம் செய்து, தெக்லாவின் கதை முழுவதையும் வாசித்ததாகத் தன் கடிதத்தில் எழுதுகிறார். அங்கே அவருக்கு ஒரு தோழி கிடைக்கிறாள், மார்த்தானா, எருசலேமில் பழகிய ஒரு பெண் திருத்தொண்டர், இப்போது அந்த மலையில் கன்னியர் மடங்களை நடத்திக்கொண்டிருக்கிறாள். ஒருவரை ஒருவர் பார்த்தபோது இருவருக்கும் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது என்று எகேரியா எழுதியிருக்கிறார்.